சண்முகம் நசுக்கிய கை

இருதயநாதனின் இடது கையைச் சண்முகம் கடப்பாரையால் நசுக்கியது அந்தமானின் லாங் ஐலண்ட் தீவு மரக்கிடங்கில், பட்டப்பகலில், எல்லோர் முன்னாலும். கட்டை உருட்டக் குனிந்தவன் கைமேல் கடப்பாரை இறங்கியது. கை தவறிவிட்டது என்று நினைத்தோம். மறுபடியும் இறங்கியது.

"இனிமே நீ எவன் கல்யாணத்துல வாசிப்பேன்னு பாக்கேன்லே!"

தீவின் கல்யாணங்களுக்கெல்லாம் புல்புல்தாரா வாசித்துக்கொண்டிருந்தவன் சண்முகம். அறுபத்தொன்றில் தூத்துக்குடி இருதயநாதன் ஒரு கித்தாரோடு வந்து இறங்கிய பிறகு சண்முகத்தை யாரும் கூப்பிடவில்லை. இருதயநாதன் முன்பு கப்பல் எஞ்சினில் கரி தள்ளியவன். கல்கத்தா துறையில் ஓர் அமெரிக்க மாலுமி, கறுப்பினத்தவர், வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டானாம். ப்ளூஸ் என்று பெயர் சொன்னான். எங்களுக்கு அது யாரையோ யாரோ அடிப்பதுபோலக் கேட்டது.

"அப்படித்தான். கட்டைவிரல் அடிக்கிறவன். ஆள்காட்டி விரல் அடி வாங்கிக் கத்துறவன்" என்பான்.

அத்தனையும் வலது கை. உள்ளங்கை விளிம்பைக் கம்பிகள்மேல் அழுத்தி, சத்தத்தின் கழுத்தைப் பிடித்துக்கொள்வான். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி அறையும், நிற்கவே நிற்காது. ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பியைக் கீழிருந்து கிள்ளி இழுக்கும்.

புல்புல்தாராவில் பாட்டு இடது கையில் இருக்கிறது. ஆர்மோனியம்போல வரிசையாக இருக்கும் கட்டைகளை அழுத்துவது அதுதான். வலது கை சும்மா சுரண்டும். கித்தாரும் அப்படித்தான் என்று சண்முகம் நினைத்துவிட்டான்.

இடது கையில் எலும்பு கூடியபோது இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. இருதயநாதன் கம்பிகளைத் தளர்த்தி, அழுத்தாமலே சுருதி சேரும்படி வைத்தான். ரம் பாட்டிலின் கழுத்தை உடைத்து, கல்லில் தேய்த்து, மடங்காத விரலில் மாட்டிக் கம்பிமேல் இழுத்தான். மிச்சத்தை வலது கை பார்த்துக்கொண்டது.

"அதையும் ஒடிச்சுப்புட்டா?" என்றாள் மனைவி ஆரோக்கியசெல்வி.

"எந்தக் கைன்னு அவனுக்குத் தெரியாதுல்லா. தெரியாம இருக்கட்டும்."

அதனால் சண்முகம் இருக்கும் இடத்தில் அவன் கித்தாரைத் தொடுவதில்லை.

இருதயநாதனின் தங்கை ரீத்தாவின் கல்யாணத்துக்குச் சண்முகத்தைக் கூப்பிடவில்லை. குடித்துவிட்டுத் தானாக வந்தான். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த இருதயநாதன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கம்பிமேல் வழுக்கிக்கொண்டிருந்த பாட்டில் கண்ணாடியைச் சண்முகம் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவன் பார்வை கட்டைவிரலுக்கு வந்து அங்கேயே நின்றது.

"அட நாயே, இந்தக் கைதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முதுகில் செருகியிருந்த அரிவாள் வெளியே வந்துவிட்டது. முதல் வெட்டு கித்தாரைப் பிளந்தது. இரண்டாவது வலது கைக்கு வந்தது. இருதயநாதன் இடது கையைக் குறுக்கே கொடுத்தான். கண்ணாடியோடு விரல்கள் தெறித்தன. வலது கையை அக்குளில் செருகிக்கொண்டு தலையால் முட்டினான். விழுந்தவன் முகத்தில் மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தான். அந்தக் கை மட்டும் அக்குளைவிட்டு வெளியே வரவில்லை.

"போதும்ண்ணே, செத்துருவான்!" ரீத்தா கல்யாணச் சேலையோடு அவன் காலைக் கட்டிக்கொண்டாள். சண்முகத்துக்கு ஒரு கண் போனது.

காலையில் படகுத்துறையில் போலீஸ்காரர் இருதயநாதனிடம் விலங்கை நீட்டினார். "ஹாத் தோ" என்று இந்தியில் கையைக் கேட்டார்.

"இந்தக் கை வேண்டாம் சாப். அந்தக் கையில போடுங்க."

போலீஸ்காரர் கட்டுக்குள் கிடந்த இடது கையைப் பார்த்தார். வலது மணிக்கட்டில் பூட்டினார். போர்ட் பிளேருக்குப் படகு கிளம்பும்வரை இருதயநாதன் தலை நிமிரவில்லை. விலங்குக்கு வெளியே கட்டைவிரலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.