சிலுவையில் சொல்லாத வசனம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். எங்கள் தோட்டத்தில் இது தெரியாதவர் இல்லை. அதனால் அந்த வருஷம் பெரிய வெள்ளி நாடகத்தில் யேசு வேஷத்துக்கு என் பெயர் வந்தபோது லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. தாடியும் உயரமும் இருக்கிறது, மிச்சத்தை அங்கி பார்த்துக்கொள்ளும் என்றார் கணக்கப்பிள்ளை. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் வேலை வாங்குவது அவர் உத்தியோகம். நாடகத்தைப் பழக்குவதும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் அவரேதான்.

யேசுவாக நடிப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விபூதிப் புதனிலிருந்து பெரிய வெள்ளி வரைக்கும் கறி மீன் கூடாது, குடி கூடாது, யாரோடும் வாய்ச்சண்டை கூடாது. முதல் இரண்டும் எனக்குப் பெரிய காரியமில்லை. மூன்றாவதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்துக்குள் எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியவரை நடத்துகிற மாதிரி, பக்கத்துக் காம்பிரா வீடுகளில் இருந்த இந்துச் சனங்கள்கூட என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எனக்கு முதலில் வழிவிட்டார்கள். "சாமி வாறாரு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் சிரிக்காமல் ஒதுங்கினார். ஃபெக்டரியில் இலை வாட்டுகிற எனக்கு அதுவரை யார் அப்படி ஒதுங்கினார்கள்?

தவக்காலம் பாதி போயிருக்கும். மலையிலிருந்து வந்த என் மனைவி கூடையை இறக்கி வைத்ததும் சொன்னாள். "பன்னெண்டாம் நம்பர் மலையில, அந்த ஒசந்த மரத்துல, குளவி கூடு கட்டியிருக்குங்க. பானை அளவு இருக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைக் குளவி கொட்டி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் போராடித்தான் மீட்டார்கள். இன்னொரு தடவை கொட்டினால் ஆபத்து என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் நான் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், எல்லோர் முன்னாலும் கணக்கப்பிள்ளையை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். அடுத்த நாளே ஆள் அனுப்பி இரண்டு கூடுகளைக் கொளுத்தினார்கள். என் கோபத்தால் தோட்டத்துக்கு நடந்த ஒரே நல்லது அது.

இந்த முறையும் போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க சத்தம் போடக் கூடாது. நாப்பது நாள் விரதத்த கெடுத்துக்காதீங்க. நாங்க பொம்பளைங்க சேந்து சொல்லியிருக்கோம், ஆள் அனுப்புறேன்னு சொன்னாரு."

ஆள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒத்திகையில் நான் மெதுவாக, கையைக் கட்டிக்கொண்டு, கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார். "பாருங்க, எவ்வளவு பொறுமையா கேக்குறீங்க! இதத்தான் மேடையில எதிர்பாக்குறேன். குளவிக்கூட்ட நான் பாத்துக்கிறேன்." என்னை அந்த வேஷத்துக்குப் பிடித்துப் போட்டதே என் வாயை அடைக்கத்தானோ என்று அப்போதுதான் தோன்றியது. இன்றைக்கும் அது எனக்குத் தெரியாது.

வேஷத்துக்காக நற்செய்தியை வாழ்க்கையில் முதல்முறை உட்கார்ந்து முழுதாக வாசித்தேன். அதில் இருந்தவர் எனக்குப் பழகின ஆள் மாதிரி இருந்தார். கோயிலில் மேசைகளைக் கவிழ்க்கிறார். கயிற்றைச் சாட்டையாக முறுக்குகிறார். அதிகாரத்தில் இருந்தவனை நரி என்கிறார். எங்கள் நாடக வசனக் கொப்பியில் அந்த ஆளே இல்லை. அதில் இருந்தவர் முதல் காட்சியில் பிடிபட்டு, கடைசிக் காட்சி வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு அடி வாங்குபவர்.

மாதத்துக்கு ஒருமுறை பூசைக்கு வரும் ஃபாதரிடம் கேட்டேன். "சாட்டை எடுத்த காட்சிய நாமளும் போடலாமே ஃபாதர்?"

"இது பாடுகளோட நாடகம். சனங்க பாத்து அழணும், மனந்திரும்பணும். புதுசா கற்பனை பண்ணி எதையும் சேக்க வேண்டாம்" என்றார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் கற்பனை எது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. சாட்டை எடுத்தவர் புத்தகத்தில் இருக்கிறார். வாயே திறக்காத அந்தச் சாதுவை யாரோ உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறார்கள். அந்தக் கற்பனையின் அங்கியைத்தான் எனக்கு மாட்டியிருந்தார்கள். இதை ஃபாதரிடம் சொல்ல வாயெடுத்தேன். வாய்ச்சண்டை ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

பெரிய வியாழன் காலை பன்னிரண்டாம் நம்பர் மலையில் கூடு கலைந்தது. என் மனைவியோடு நான்கு பெண்கள் விழுந்தார்கள். கொழுந்து ஏற்றும் லொறியில்தான் கொண்டுபோனார்கள். அவளுக்கு முகமே இல்லை, வீக்கம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்த பிறகுதான் டொக்டர் "தப்பிச்சிட்டாங்க" என்றார். அவள் தங்கையைத் துணைக்கு விட்டுவிட்டு, நாடகக் கமிட்டி அனுப்பிய முச்சக்கர வண்டியில் ஏறினேன். நோர்வூட்டிலிருந்தெல்லாம் சனம் வந்து உட்கார்ந்துவிட்டது, யேசு இல்லாமல் என்ன செய்வது என்றார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சிலுவையில் கையையும் காலையும் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. கீழே சனம் விம்மிக்கொண்டிருந்தது. அடுத்தது மன்னிக்கும் வசனம். இவர்களை மன்னித்துவிடும், செய்வது இன்னதென்று இவர்களுக்குத் தெரியாது என்று தந்தையிடம் வேண்டவேண்டும்.

எனக்கு வாய் வரவில்லை.

நான் மறந்துவிட்டேன் என்று கணக்கப்பிள்ளை நினைத்துவிட்டார். முதுகுக்குப் பின்னால், திரைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். "இவர்களை மன்னியும்... இவர்களுக்குத் தெரியாது..." "மன்னியும்" என்றார் மறுபடி, கொஞ்சம் பதற்றமாக. மூன்றாம் தடவை அவர் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

தலையைத் திருப்பி, திரைக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "ஒங்களுக்குத் தெரியும்ங்களே ஐயா."

பிறகு, நேரத்துக்கு முன்னாலேயே, இடி முழக்கத்துக்கு வைத்திருந்த தகரத்தை யாரோ படபடவென்று ஆட்டினார்கள். விளக்கு அணைந்தது. என்னை அவசரமாகச் சாகடித்துவிட்டார்கள். கயிற்றில் எவ்வளவு திமிறியும் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

இறக்கியபோது சனம் என்னைச் சூழ்ந்துகொண்டது. இப்படி ஒரு யேசுவைப் பார்த்ததே இல்லை, பேசாமலே எங்களை அழவைத்துவிட்டீர்கள் என்று கையைப் பிடித்து அழுதார்கள். ஃபாதர் நெற்றியில் சிலுவை போட்டார். நான் கத்தியிருந்தாலும் அதையும் நடிப்பு என்றுதான் அழுதிருப்பார்கள். அங்கியைக் கழற்றக்கூட நிற்காமல் வண்டியில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. முந்தின நாள் இதே வாசலில் அழுது கெஞ்சிய என்னை உள்ளே விடாத சிங்களக் காவலாளி, அங்கியையும் நெற்றியில் வழிந்த சிவப்புச் சாயத்தையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டாள். "தங்கச்சி, யேசுசாமியே ஒன்னப் பாக்க வந்திருக்காரு!"

என் மனைவிக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. சாயத்தின் வாடையை வைத்துத்தான் நான் கட்டிலருகே வந்ததை அறிந்திருப்பாள். வீங்கிய உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தாள்.

"அவர போகச் சொல்லுங்கக்கா. என் வீட்டுக்காரர் எங்க?"