பதினோரு கட்டம் போட்ட சேலை

இன்று அருப்புக்கோட்டைச் சேலைக்கடை ஒன்றுக்கு நான் எழுதிய புரோகிராமைப் பிளாப்பியில் கொண்டுபோனேன். பிடித்தால்தான் வாங்குவார்கள்.

ஒரு சேலைக்கு எத்தனை நிறமோ, நிறத்தின் பெயரை எழுத அத்தனை கட்டம் திரையில் வேண்டும். முன்கூட்டியே வரைந்து வைப்பவன் சாமானியன். நான், பட்டனை அமுக்க அமுக்கப் புதுக் கட்டம் முளைக்கும்படி செய்திருந்தேன்.

கடையில் ஆர்டர் எழுதும் மலர்க்காவிடம், “இத அமுக்குனா கட்டம் வரும்க்கா” என்றேன்.

பதினோரு நிறச் சேலை ஒன்றுக்காகப் பதினோரு தடவை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை.

புதிதாக முளைக்கும் கட்டம் கண்ணுக்குத் தெரிய ஒரு வரி எழுத வேண்டும். மறந்திருந்தேன். அங்கேயே எழுதினேன்.

மறுபடியும் பதினோரு அமுக்கு. இப்போது ஒரே ஒரு கட்டம். பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன.

மலர்க்கா வீட்டில் தறி ஓடுகிறது. திரையை உற்றுப் பார்த்தார்.

“இப்படிக் கட்டம் போட்டா, எங்க தறியில அதைப் பிளெயின் சேலைன்னுதான் விப்பாக, தம்பி. கட்டத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுட்டு திங்கக்கிழமை வாங்க.”

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த ஒரு வரியை மறந்தவர்கள் புரோகிராம் எழுதுகிறவர்களின் நம் இணையக் குழுவில் வேறு யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தூக்குங்கள்.