மக முகத்தைக் காட்டினா மாரியாத்தா

என் மகளை நான் பெத்தேன், ஆனா பாக்கலைங்க. கையில வாங்கினேன், பால் குடுத்தேன், தாலாட்டித் தூங்க வச்சேன். முகம் மட்டும் தெரியாது. இதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு உண்டா, நீங்களே சொல்லுங்க.

வலது கண்ணு சின்ன வயசுலயே அம்மை போட்டுப் போயிருச்சு. மிச்சம் இருந்த ஒத்தக் கண்ணை வச்சுத்தான் இலங்கை மலைநாட்டுல, றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சேன், கல்யாணம் கட்டினேன். அறுபத்திரெண்டாம் வருசம், முழுகாம இருந்தப்போ, தேயிலைச் செடியைக் கழிச்சு கவ்வாத்து வெட்டின மலைக்கு வெறகு பொறுக்கப் போனேன். குனிஞ்ச நேரம் பாத்து ஒரு தேயிலை மிலாறுக் குச்சி அந்தக் கண்ணுல குத்திருச்சு. பச்சிலைச் சாறு ஊத்தினாங்க, தாய்ப்பால் விட்டாங்க. புண்ணு சீழ் பிடிச்சு, கருவிழி மேல வெள்ளை படிஞ்சு மூடிக்கிச்சு. வெளிச்சம் மட்டும் பனிமூட்டமாத் தெரியும்.

கோயிலுக்குப் போயி ஆத்தாகிட்ட சண்டை போட்டேன். ஆமாங்க, கும்பிடலை, சண்டைதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது அவளுக்கும் தெரியும்.

மக நடக்கத் தொடங்கினப்போ தோட்டத்து மருந்துக்கார ஐயா ஒரு சேதி சொன்னாரு. "செத்தவங்க கண்ணுல இருக்கிற தெளிஞ்ச தோலை எடுத்து, வெள்ளை விழுந்த கண்ணுல வச்சுத் தைக்கிறாங்க. கொழும்புக்குப் போறியா?" நாங்க குடியிருந்த லயமே கூடிருச்சு. பொணத்துக் கண்ணா, ஆத்தாவுக்கு அடுக்குமான்னு ஆளுக்கொரு பேச்சு.

சரி, அவகிட்டயே கேட்டுருவோம்னு நானும் வீட்டுக்காரரும் மட்டும் போயி பூக்கட்டிப் பாத்தோம். வெள்ளை ரோசா இதழ் ஒரு பொட்டலம், போகலாம். சிவப்பு டேலியா இதழ் ஒரு பொட்டலம், போகக்கூடாது. ஆத்தா காலடியில கிடந்ததுல ஒண்ணை நான் எடுத்தேன். அவர் பிரிச்சுப் பாத்துட்டு, "சிவப்பு வந்திருச்சு புள்ள"ன்னார்.

எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு. அவ குடுத்ததையாவது கண்ணுல ஒத்திக்கிறேன்னு கையை நீட்டினேன். கும்முனு ரோசா வாசம்! டேலியாவுக்கு ஏதுங்க வாசம்?

"அட பாவி மனுசா! சாமி முன்னாடியே பொய்யா?"

அவர் தேம்பித் தேம்பி அழுதார். "கண்ணுல கத்தி வைப்பாங்களாம். உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நானும் புள்ளையும் என்னா செய்வோம்? கண்ணு இல்லாட்டியும் பரவால்ல, நீ இருந்தாப் போதும்."

கோவமும் வந்துச்சு, பாசமும் பொங்குச்சு. ஆனா ஆத்தா வாக்குக் குடுத்துட்டா. அவரே என்னைக் கைபிடிச்சு ரயிலேத்தினார்.

ஆஸ்பத்திரியில கண்ணு வர்றதுக்காகக் காத்துக் கிடந்தேன். அங்கதான் இந்த நீள வாய் அடைச்சுப் போச்சு. சீக்கிரம் கண்ணு வரணும்னு வேண்டினா, சீக்கிரம் யாரோ சாகணும்னு வேண்டினதா ஆகாதா? யோசிச்சு யோசிச்சு இப்படிக் கேட்டேன்: "தாயே, எனக்காக யாரையும் எடுக்காதே. ஆயுசு முடிஞ்சு போற மகராசி யாராவது மனசு வச்சா, அந்த மனசை என் பக்கம் திருப்பு."

ஒரு நாள் காலையில நர்ஸம்மா வந்து சொன்னாங்க. வயசான சிங்கள அம்மா ஒருத்தங்க, கண்ணைத் தானமாக் குடுக்கச் சொல்லிட்டுச் செத்துட்டாங்களாம். பேருகூட எனக்குத் தெரியாது. மொதல்ல அவங்களுக்காக அழுதேன்.

தையல் போட்டு, தலையை அசைக்காமப் படுத்துக் கிடந்து, ஒரு வழியாக் கண்ணுக் கட்டை அவுத்தாங்க. மங்கலா ஒரு கை தெரிஞ்சுச்சு. "எத்தனை விரல்?"னு டாக்டர் ஐயா கேட்டார்.

"மூணு! கையில கடிகாரமும் இருக்குங்க ஐயா!"னு கத்தினேன். வார்டே சிரிச்சுச்சு.

றொசல்ல ஸ்டேசன்ல இறங்கினேன். நான் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பாத்துப் பயந்து, அப்பா காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு புள்ள. கண்ணாடியைக் கழட்டிட்டு மண்டி போட்டு உக்காந்தேன். நெத்தி எங்க அம்மாவோடது. மூக்கு அப்படியே அவரோட சப்பை மூக்கு.

"ஏங்க, குடுக்கிறதுக்கு வேற மூக்கு கிடைக்கலையா?"ன்னேன். சிரிப்பும் அழுகையுமா எனக்கு மூச்சு முட்டிருச்சு.

இங்க கூடியிருக்கிற தாய்மாரே, அண்ணன்மாரே, கண்ணுல அடிபட்டா பச்சிலை ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அதுவும் ஆத்தா காட்டுற வழிதான். கஷ்டம் வந்தா மாரியாத்தாகிட்ட மனசு விட்டுக் கேளுங்க. சண்டை போட்டாவது கேளுங்க, பெத்தவ கோவிச்சுக்க மாட்டா. இதோ, முன்னாடி உக்காந்திருக்காளே, இவதான் என் மக. நல்லாப் பாத்துக்கங்க. நான் தினமும் பாக்கிறேன்.