பூட்டக் கூடாத சைக்கிள்

நயினாதீவுக்குப் படகேறும் துறையில் சைக்கிளை விட்டு இறங்கியதும், யூலியானா ரீச்சர் குந்தியிருந்து அதன் இரண்டு சில்லுகளிலும் காற்றைத் திறந்து விடுவார். வால்வுகளைக் கைலேஞ்சித் துணியில் முடிந்து கைப்பைக்குள் போட்ட பிறகுதான் படகைத் திரும்பிப் பார்ப்பார். நிற்பவர்கள் தங்களுக்குள் சிரிப்பது அவருக்குக் கேட்காமல் இல்லை. "எடுக்கிறவன் தோளிலை காவிக்கொண்டு போகட்டும். அப்பவாவது நாலு பேர் பாப்பினம்," என்பார். பின்னேரம் திரும்பி வந்து, சேலையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பம்பால் காற்றடித்து, சாட்டிக்குப் போகிற ஏழெட்டு மைலையும் மிதிப்பார்.

நாற்பத்து நான்கு வயது. தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். ரீச்சர் நயினாதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறார், ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியையாக. சமாதானம் வந்து ஒரு வருடமாகிறது. நிரந்தர நியமனத்துக்குப் பெயர் எடுக்கப் போகிறார்கள் என்று கதை. இந்த நேரம் பார்த்து, அந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு சைக்கிள்கள் துறையிலேயே களவு போயின. "ஷெல்லடிக்குள்ளை உருட்டிக்கொண்டு ஓடின சைக்கிள். இடம்பெயர்ந்து மூண்டு ஊர் கண்ட சைக்கிள். அதைச் சமாதானத்திலை பறிகுடுத்தனான்!" முதலாவது போன பிறகுதான் வால்வு கழற்றத் தொடங்கினார். இரண்டாவதைக் காற்றில்லாமலே எவனோ லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்காக ரீச்சர் பழக்கத்தை விடவில்லை. கள்ளனுக்குக் கொஞ்சமாவது வேலை வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

பஸ்ஸும் படகும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிப்பதில்லை. சைக்கிள் இல்லாமல் பஸ்ஸை நம்பிப் போன பதினொரு நாளும், வரவுப் புத்தகத்தில் பிந்தி வருபவர்களுக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. அதிபர் பரிமளம் நல்ல மனுஷி. அவரே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "யூலியானா, இன்னொருக்கா இப்பிடி நடந்தா உம்மடை பேரை நான் எழுதி அனுப்பேலாது." இப்போது வாங்கி வைத்திருக்கும் மூன்றாவது சைக்கிளும் போனால் ஒன்பது வருடமும் சேர்ந்து போகும்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "கடவுள் திரும்பத் தருவார்" என்றார் பக்கத்து வீட்டு நேசம்மா. "அவர் தந்தவர்தானேயக்கா! கொண்டு போனவனைப் பற்றியெல்லோ நான் கதைக்கிறன்!" கோபம் வந்தால் ரீச்சரின் கை, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைச் சுருட்டும், விரிக்கும், மறுபடி சுருட்டும். அந்த வருடம் நாடாவுக்கு ஓய்வே இருக்கவில்லை.

ஊர்காவற்றுறையிலிருந்து காப்புறுதிக்கார சுபேசன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேசையில் இரண்டு படிவங்களை வைத்தார். முதலாவது வீட்டுப் பொருட்களோடு சைக்கிளுக்கும் சேர்த்தது. வீட்டு வளவுக்குள் களவு போனால் மட்டும் புதுச் சைக்கிள்.

"வளவுக்குள்ளை நிக்கேக்கை ஆர் தம்பி எடுக்கப் போறான்? அங்கை நானெல்லோ நிக்கிறன்!"

சுபேசன் இரண்டாவதை மெல்ல நகர்த்தினார். "அப்ப இது, ரீச்சர். உங்களுக்கெண்டே செய்தது மாதிரி. துறையிலை போனாலும் ஒரு மாசத்திலை புதுச் சைக்கிள் வந்திடும்."

ரீச்சர் நாடாவை எழுத்துக்குக் கீழே பிடித்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே போனார். குசினியில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றியது. பத்தொன்பதாவது வரியில் நாடா நின்றது. களவு போகும் நேரத்தில் சைக்கிள் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றிருந்தது.

"தம்பி, எங்கடை துறையிலை சைக்கிளைப் பூட்டினா என்ன நடக்குமெண்டு தெரியுமோ உமக்கு?"

சுபேசனுக்குத் தெரியாது. பூட்டிக் கிடக்கும் சைக்கிளுக்குள் என்ன இருக்குமோ என்று துறைச் சென்றியில் காவல் நிற்கும் கடற்படைக்காரருக்குச் சந்தேகம். உருட்டிப் பார்த்துச் சோதிக்க வசதியாக எல்லாச் சைக்கிளும் திறந்தே கிடக்க வேண்டும் என்பது கட்டளை. மீறினால் பூட்டை உடைத்து அப்பால் எறிந்துவிடுவார்கள். பூட்டினால் சென்றி விடாது, பூட்டாவிட்டால் கொம்பனி தராது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் சேர்ந்தல்லவா கையை விரிக்கிறார்கள்! கள்ளனைப் பிடிக்க ஒரு நாதியில்லை, பறிகொடுத்தவருக்கு மட்டும் ஆளுக்கொரு சட்டம். கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது.

"நான் என்ன செய்ய, ரீச்சர்? பூட்ட விடாதது உண்மையெண்டு துறையிலை ஆரும் பொறுப்பானவை எழுத்திலை தந்தா, மேலிடத்திலை கதைச்சுப் பாக்கலாம்."

தப்புவதற்குச் சொன்ன சொல். ரீச்சர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "அப்ப நாளைக்குக் காலமை துறைக்கு வாரும்."

மறுநாள் சுபேசன் போனபோது படிவம் நிரப்பி முடிந்திருந்தது. பத்தொன்பதாவது வரிக்குப் பக்கத்தில், தையல் போட்டதுபோன்ற நுணுக்கமான எழுத்தில், 'இத்துறையில் சைக்கிளைப் பூட்ட அனுமதி இல்லை' என்று எழுதி, கையெழுத்துக்கு ஒரு கோடும் கீறியிருந்தார். படிவத்தைச் சைக்கிள் சீற்றின் மேல் விரித்து, சென்றிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அம்மா, பூட்டு போட வேணாம்," என்றான் காவலில் நின்றவன், வழக்கம்போல.

"ஓம், நீர் ஒவ்வொரு நாளும் சொல்லுறீர். இண்டைக்கு அதுக்கு ஒரு கையெழுத்து வையும்."

அவன் படிவத்தைப் பார்த்தான். பின்னால் மண்மூட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எனக்கு ஓடர் மட்டும்தான் அம்மா. சைன் பண்ண முடியாது."

"அப்ப ஓடர் தந்தவரைக் கூப்பிடும்."

"ரீச்சர், விடுங்கோ, பிரச்சினை வரப் போகுது," என்று சுபேசன் கிசுகிசுத்தார்.

"பிரச்சினை வந்து ஒரு வருசம், தம்பி. உங்களிலை ஒருத்தருக்கும்தான் இன்னும் தெரியாது!"

படகு ஊதியது. வரிசையில் நின்றவர்கள் ஏறத் தொடங்கினார்கள். "ரீச்சர், வாங்கோ, விட்டிட்டுப் போகப்போறான்," என்று யாரோ கூப்பிட்டார்கள். காவல்காரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தான்.

படகு இரண்டாம் முறையும் ஊதியது. இதை விட்டால் இன்றைக்கும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. ரீச்சர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மூடியைக் கழற்றிய பேனையை அவனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டவாக நீட்டினார்.