அலுமாரிக்கு மேலே நான்கு மைப் போத்தல்கள்

எங்கள் கலியாண அட்டையை வீட்டிலேயே அச்சடித்ததற்குக் காரணம் ஆசை இல்லை, வெட்கம். நாங்கள் புத்தூரில் தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். அவர், அதாவது இப்போது என் கணவர், உடுவிலில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை. அட்டையின் தலைப்பில் பிள்ளையார் சுழி வேண்டும் என்று என் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். வேத வசனம் வேண்டும் என்று அவருடைய அம்மா மற்றக் காலில் நின்றார். எங்கள் பக்கம் மஞ்சளும் சிவப்பும் கேட்டது, அந்தப் பக்கம் இளநீலம் கேட்டது. எட்டாவது தடவையாக வாசகத்தை மாற்றிக்கொண்டு சாவகச்சேரியில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அக்கா, முதலில் இரண்டு வீடும் ஒரு முடிவுக்கு வரட்டும் பிள்ளை, பிறகு வாரும் என்று வலு மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு அடக்கமுடியாமல் வந்தது. பக்கத்தில் நின்ற மனிசி தள்ளி நின்றுகொண்டார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது நான்தான். அட்டைக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் பிள்ளையார் சுழியும் கும்பமும், மறுபக்கம் வசனமும் சிலுவையும். எந்த வீட்டுக்காரர் கையில் எடுத்தாலும் தங்கள் பக்கம்தான் முன்பக்கம் என்று நினைத்துக்கொள்ளலாம். நான் ரியூசன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடிக்க வைத்திருந்த பிரிண்டரிலேயே அடிக்கத் தொடங்கினோம். மாதிரி அட்டைகள் அடித்து முடிய முதலே கறுப்பு கார்ட்ரிட்ஜும் வண்ண கார்ட்ரிட்ஜும் காலி. புதியது வாங்கவேண்டாம், காலியானதையே துளைத்துக் குழாய் பூட்டி, வெளியே போத்தலில் இருந்து மை ஓயாமல் வருகிற மாதிரிச் செய்யலாம் என்று அவர் சொன்னார். அவர் கணித வாத்தியார். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். என் அப்பா இந்தக் கலியாணத்துக்கு ஓம் என்று சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் என்னைக் கட்டப்போகிறவரோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் அப்பா கதிரையை நகர்த்திக் கொடுப்பார். தேத்தண்ணி கொடுக்கச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லுவார். அவருடைய முகத்தைப் பார்த்து மட்டும் வாய் திறக்கமாட்டார். எனக்குக் கோபத்தில் விசர் வரும். அவருக்குக் கவலைதான் வரும். ஒருநாள் வாசல் படலையடியில் நின்று மெதுவாகச் சொன்னார்: "உம்மடை அப்பா கோபத்திலை பேசினாலும் பரவாயில்லை. கதைக்காத வீட்டுக்குள்ளை நான் எப்பிடி மருமகனா வாறது?" கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. வண்ண கார்ட்ரிட்ஜுக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று அறை. எந்தத் துளை எந்த அறைக்கு என்று பார்க்கத் விளக்குமாற்று ஈர்க்கை விட்டு எடுத்து, நுனியில் என்ன நிறம் என்று பார்த்தோம். பிறகு மெல்லிய துளைகருவியால் துளையைப் பெருப்பித்து, குழாய் செருகி, சுற்றிவரச் சூட்டுப்பசை வைத்தார். சிரிஞ்சால் மையை இழுத்துக் குழாய்க்குள் நின்ற காற்றை எடுப்பது என் வேலை. மை குழாய் வழியே ஊர்ந்து வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சின்னப்பிள்ளைக் குதூகலம். மூக்கில் மஞ்சள், நெற்றியில் நீலம், அவருடைய காதில் எப்படியோ சிவப்பு. நாங்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டு அப்பா வந்து அறை வாசலில் நின்றார். கோவிலுக்குப் போய்வந்த வெள்ளை வேட்டியோடு அரை மணித்தியாலம் அப்படியே நின்றார்.

கறுப்புக்கு ஒன்றும் நிறங்களுக்கு மூன்றுமாகப் போத்தல்கள் நான்கும் மேசையில் பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. அப்பா அவற்றைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். எங்கள் கிணற்றடியில் இருபதடித் தூண் எழுப்பித் தண்ணீர்த் தாங்கி வைத்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்குத் தாங்கிக்கு உயரம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த மனிசனுக்கு மேசையில் குந்தியிருந்த போத்தல்களைக் கண்டு பொறுக்கவில்லை.

"தம்பி, உந்தப் போத்தலுகளைத் தூக்கி அலுமாரிக்கு மேலை வையும். உயர இருந்தால்தானே இறங்கும்."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். இவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "ஓம் மாமா" என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் தூக்கி அலுமாரிக்கு மேல் வரிசையாக வைத்தார். வைத்த பிறகும் குழாய்களைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். சந்தோசத்தில் என்று நினைத்தேன்.

முதல் அட்டை கண்ணாடி மாதிரி வந்தது. அம்மா அதைச் சாமியறைக்குக் கொண்டுபோனார். எங்களைச் சாப்பிடவும் கூப்பிட்டார். எட்டு மாதத்தில் முதல்முறையாக அப்பா அவரோடு ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டு அடிக்கடி அறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் காலால் தட்டி, வடிவாய்ச் சாப்பிடும் என்றேன்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், ஐயோ! பிரிண்டரின் அடியால் நான்கு மையும் ஒழுகி, மேசை நிறைந்து, நிலமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கி வைத்திருந்த வெற்று அட்டைகள் ஊறிக் கூழாகிக் கிடந்தன. அப்பா தோளில் கிடந்த சால்வையால் அணை கட்டப் பார்த்தார். நான் இவரைப் பிடித்துப் பேசினேன். படிச்ச மனிசன், ஒரு குழாய் இறுக்கத் தெரியாதா, வாய்க்குள்ளை கொழுக்கட்டையா, பதில் சொல்லும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் குனிந்து நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா எட்டிக் கறுப்புப் போத்தலை இறக்கி மேசையில் வைத்தார். கறுப்பு ஒழுகுவது நின்றது. சிவப்பை இறக்கினார், அதுவும் நின்றது. மற்ற இரண்டையும் இறக்கிவிட்டு, அலுமாரியின் உயரத்தையும் பிரிண்டரின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீரின் போக்குத் தெரிந்த மனிசன், அவருக்கு விளங்கிவிட்டது.

"உமக்கு உது முன்னமே தெரியுமோ?"

"ஓம் மாமா. பிரிண்டரின்ரை மட்டத்திலைதான் வைக்கவேணும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

இவர் துடைத்த துணியோடு நிமிர்ந்தார். "நீங்கள் என்னோடை கதைச்ச முதல் கதை அதுதான், மாமா. அதைப் பிழையெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

நான் பேசிய பேச்செல்லாம் எனக்கே திரும்பி வந்து முகத்தில் அடித்தது. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"இவள் என்ரை பிள்ளை. பிழை விட்டாலும் விட்டுக்குடாள். நீர் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டால் உமக்குச் சீவியம் இல்லை. பிழையெண்டால் பிழையெண்டு சொல்லிப் பழகும். என்னிலையே தொடங்கும்."

இவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்டு சொல்லட்டோ மாமா? நீங்கள் சிவப்பு மைக்குள்ளை நிக்கிறியள். வேட்டியிலை மை முழங்கால்மட்டும் ஏறிட்டுது."

அப்பா குனிந்து பார்த்தார். முதலில் வயிறு குலுங்கியது, பிறகுதான் சத்தம் வந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிடிக்கச் சுவரும் எட்டாமல் அறை நடுவில் நின்று சிரித்தார்.

"வழுக்குது, தம்பி. கையைத் தாரும்."

இவர் நான்கு நிறமும் பூசிய கையை நீட்டினார். அப்பா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தார். கரைக்கு வந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. நான் அழுதுகொண்டே நின்றேன்.