நாய் கட்டிய பாவாடை

என் தம்பிக்கு மனைவியும் நிலைக்கவில்லை, நாயும் நிலைக்கவில்லை. மனைவி தானாகப் போனாள். நாய்களை அவனே அனுப்பினான். சேவூருக்குப் பக்கத்தில் அவன் தோட்டத்தில் எப்போதும் ஒரு வேட்டை நாய் கட்டிக் கிடக்கும். ஓடுகிற வரைக்கும் சோறு. ஓட்டம் குறைந்தால் போகிற லாரி எதிலாவது ஏற்றிவிடுவான். ஏனடா இப்படி என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"வேலைக்கு ஆவாத உசுர வெச்சு எத்தன நாளைக்குங்கக்கா சோறு போடறது?" என்றான். சொல்லும்போது என் வீங்கின முழங்காலைத்தான் பார்த்தான்.

நான் திருப்பூர் ராயபுரத்தில் மகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். முழங்கால் மடங்காது, வாய் மட்டும் நன்றாக அசையும்.

கடைசியாக இருந்தது சிப்பிப்பாறை நாய். வயிறு முதுகோடு ஒட்டி, வெயிலில் நின்றால் விலா எலும்பை எண்ணிவிடலாம். முதுகில் கொஞ்சமாவது மயிர் இருந்தது. வயிற்றில் ஒன்றுமே இல்லை, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி வெறும் தோல். மக்காச்சோளத்தில் இறங்குகிற காட்டுப்பன்றியை விரட்டுவது அதன் வேலை. வரப்பு முழுக்கப் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. வரப்பைத் தாண்டினால் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல். நாய் ஓடுகிற ஓட்டத்தில் பார்த்தீனியம் அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போகும். மழை விட்ட பிறகு வயிறு சிவந்தது. பிறகு கொப்புளம் வந்தது, பிறகு நீர் வடிந்தது. ஓடச் சொன்னால் ஓடாமல், ஈர மணலில் வயிற்றை வைத்து இழுத்துக்கொண்டு போனது.

கால்நடை ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, அந்தச் செடி வயிற்றில் படாமல் ஏதாவது கட்டிவிடச் சொன்னார்கள். தம்பி களிம்பை மட்டும் வாங்கி வந்தான்.

"கதிரு பால் புடிக்கறதுக்குள்ள ஓடோணும். இல்லீன்னா உடுமலைக்குத் தேங்காய்க்குப் போற லாரி நம்ம ரோட்டுலதான் போவுது" என்றான்.

எனக்கு நாய் என்றால் அப்படி ஒன்றும் உருகாது. ஆனால் இந்த நாயை மட்டும் லாரியில் ஏற விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

மகன் வீட்டு மாடியில் மிஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கிறான். திருப்பூர்க்காரர்களுக்குத் துணி என்றால் பனியன் துணிதான். குளிருக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான், குழந்தைக்குத் தொட்டில் கட்டவும், செத்தவர் தாடையைக் கட்டவும் அதுதான். நாய்க்கு மட்டும் வேறு எதுவா தோன்றும்? நூலால் அளவு எடுத்து வந்தேன். மகன் சிரித்துக்கொண்டே எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய நல்ல மெத்தென்ற துணியில் வெட்டி, காலுக்கு ரிப் வைத்து, ஒழுங்காக ஓவர்லாக் அடித்துக் கொடுத்தான். கழுத்தில் சைஸ் லேபிள்கூட வைத்தான். போட்டுவிட்டதும் நாய் சீமைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அடுத்த தடவை நான் போனபோது மல்லாந்து கிடந்தது. வயிற்றைத் தொட்டால் தேங்காய் நார் மாதிரி இருந்தது. கொழுக்கட்டைப் புல்லின் விதையெல்லாம் பனியனில் ஏறி, கொக்கி கொக்கியாக உள்ளே போய்ப் புண்ணில் குத்திக்கொண்டிருந்தது. நாய் அசைய அசைய இன்னும் உள்ளே போனது.

"சும்மா விட்டிருந்தா சொறியோட போயிருக்குமுங்க. நீங்க முள்ளுச் சட்டை போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி சிரித்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆயிற்று.

நாயை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வலித்தபோது என் மணிக்கட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டது. பல் பட்டது, கடிக்கவில்லை. தம்பிக்கு அந்த மரியாதை சின்ன வயதிலேயே கிடையாது, பல் முளைத்ததும் என்னைத்தான் கடித்துப் பார்த்தான்.

பிடுங்கி முடித்து எழுந்தபோதுதான் ஒன்றைப் பார்த்தேன். புல்லுக்குள் நடந்து வந்ததில் என் சேலை ஓரமெல்லாம் விதை. தூக்கிச் செருகியதில் வெளியே தெரிந்த உள்பாவாடையிலும் விதை. பாவாடையை ஒரு தட்டுத் தட்டினேன், அத்தனையும் கொட்டிவிட்டது. பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது, முள்ளுக்கு எங்கே பார்த்தாலும் வாசல். பாவாடை நெருக்கி நெய்த பாப்ளின். வாசலே கிடையாது.

வீட்டுக்கு வந்து செங்கல் நிறப் பாவாடை ஒன்றை வெட்டினேன். ஒன்றுக்குப் போக இடம் விட்டு, முதுகில் முடிச்சுப் போட அதே நாடாவை வைத்தேன். ஓடி வந்ததும் அவிழ்க்க வேண்டும், வயிற்றைக் கழுவி ஈரம் ஒற்ற வேண்டும், களிம்பு போட வேண்டும், பாவாடையைத் துவைத்துக் காயப்போட வேண்டும். தம்பி செய்யமாட்டான் என்று நானே தோட்டத்தில் தங்கிச் செய்தேன். பொருக்குக் கட்டி உதிர்ந்தது. அடியில் புதுத் தோல் வந்தது. கதிர் பால் பிடிப்பதற்கு முன்னாலேயே நாய் ஓடியது. சிவப்புப் பாவாடை பறக்க அது வந்த வேகத்தைப் பார்த்துப் பன்றிக் கூட்டம் வேலியைப் பிய்த்துக்கொண்டு போனது.

நான் ராயபுரம் திரும்பினேன்.

பன்றி பயந்தது, ஊர் சிரித்தது. டீக்கடையில் தம்பியைப் பார்த்தவர்களெல்லாம், உங்கள் அக்கா பாவாடையை நாய்க்குக் கொடுத்துவிட்டு எதைக் கட்டிக்கொள்கிறது என்று கேட்டார்களாம். நாய்க்குப் பூ வைக்கவில்லையா என்றும் கேட்டார்களாம். அவன் அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு நாயை விரட்டினான். மறுபடியும் புண். கேள்விப்பட்டு இன்னொன்று தைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

சங்கிலி மட்டும் கிடந்தது.

"பாவாடை கட்டுன நாயி என்ற காட்டுல ஓட வேண்டாமுங்க. தேங்கா லாரிக்காரன் கேட்டான், ஏத்தி உட்டுட்டேன்" என்றான்.

எந்த லாரி, எந்தத் தோப்பு, ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. செங்கல் நிறப் பாவாடையை ஒரு குச்சியில் மாட்டி மயில் விரட்டுவதற்கு நட்டு வைத்திருந்தான். அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாய் இல்லை என்பது மனிதர்களுக்கு முன்னால் பன்றிகளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பியே தடியை எடுத்துக்கொண்டு, சட்டை இல்லாமல் லுங்கியோடு அந்தப் பார்த்தீனியத்துக்குள் ஓட ஆரம்பித்தான்.

போன வாரம் ராயபுரம் வந்தான். உட்காராமல் சட்டையைத் தூக்கிக் காட்டினான். அதே இடம், அதே சிவப்பு, அதே நீர். தோல் டாக்டர் களிம்பு கொடுத்து, செடி படாமல் மூடிக்கொள்ளச் சொன்னாராம். பேசிக்கொண்டே சுவர் மூலையில் முதுகைத் தேய்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

"பாவாடைத் துணி இருக்குது தம்பி. அளவெடுத்து, நாடா வெச்சுத் தெச்சுக் குடுக்கட்டுமா?"

"ஊரே சிரிக்குமுங்க. பனியனே போதும்."

இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் பனியன்தான் வேண்டும் என்றான். முள்ளுச் சட்டை என்று சிரித்தது அவனுக்கு ஞாபகம் வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மகன் முழுக்கை வைத்த, மெத்தென்ற ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தம்பி கன்னத்தில் வைத்துப் பார்த்து, நன்றாக மெத்தென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான்.

வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

"கொழுக்கட்டைப் புல்லு காஞ்சிருச்சா?"

"நல்லாக் காஞ்சிருச்சுங்கக்கா. தொட்டா உதுருது."

"அப்பச் சரி. போட்டுட்டு ஓடு, சாமி."