இல்லை என்று எழுதாத கட்டம்

காளீஸ்வரியைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். பேசட்டும். ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெப்சைட் செய்தவன் நான், நடந்ததைச் சொல்கிறேன்.

மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வேலையில் கெட்டி. மருத்துவத் துணி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அவள்தான் வெப்சைட் செய்தாள். காயத்துக்கு வைக்கும் துணிக்கு, எல்லா ரகத்துக்கும் பொதுவான விவரத்தோடு ஒரு தாய்ப் பக்கம். அதன் கீழே ரகத்துக்கு ஒரு பக்கம். அதே விவரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாமே என்று, கீழ்ப் பக்கத்தில் விவரம் நிரப்பும் கட்டம் ஒன்று காலியாக இருந்தால் தாய்ப் பக்கத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளும்படி நாலு வரி புரோகிராம் எழுதினாள். எல்லோரும் செய்வதுதான்.

கட்டங்களை நிரப்பியவர் முதலாளி கௌதம்ராஜ். வியாபாரத்தில் ‘இல்லை’ என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார், அபசகுனமாம். சரக்கு தீர்ந்தாலும் “நாளைக்கு வருது” என்பார். அப்படிப்பட்டவர் ‘இல்லை’ என்று எழுதுவாரா? கிருமி நீக்காத ரகம் ஒன்று வந்தபோது, ‘கிருமி நீக்கியதா?’ என்ற கட்டத்தைச் சும்மா விட்டுவிட்டார். பாக்கெட்டின் மேலும் அதைப் பற்றி ஒன்றும் அச்சடிக்கவில்லை. சும்மா கிடந்த கட்டத்தில் தாய்ப் பக்கத்து ‘ஆம்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

சேத்தூர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் வெப்சைட்டை நம்பி அந்த ரகத்தை வாங்கி, வெள்ளைத்தாய் என்ற வயல்கூலிக்காரியின் காலில் வைத்துக் கட்டினார்கள். அரிவாள் பட்ட காயம். சர்க்கரை வேறு. சீழ் பிடித்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடப்பாவிகளா, சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவளுக்குக் காலை விட்டால் வேறு என்ன இருக்கிறது!

“நான் ஆமுன்னு எழுதவேயில்லையேம்மா” என்று, கேட்கப் போன காளீஸ்வரியிடம் கௌதம்ராஜ் கையை விரித்துவிட்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தம்மாகிட்ட சொல்லப் போறேன்” என்றாள் காளீஸ்வரி.

“கூறு கெட்டவளே, கேஸு உன் தலையில விடியும்” என்று கத்தினேன். கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்வரை நானும் துணைக்குப் போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைத்தாய் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

“மொதலாளி எழுதலையா?”

“இல்லம்மா.”

“நீ எழுதுனியா?”

“நானும் எழுதல. காலியா இருந்தா தானா வந்துரும்.”

“யாருமே எழுதாததுக்கா எங்காலை எடுத்தாக? அப்போ நான் யாரை ஏசுவேன்டி?”

“என்னைய ஏசுங்கம்மா.”

வெள்ளைத்தாய் ஏசினாள். வார்டே திரும்பிப் பார்க்க, தொண்டை கட்டும்வரை ஏசினாள். காளீஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்று அம்புட்டையும் வாங்கிக்கொண்டாள்.